மாவிலை இல்லாத வாசல்

பொங்கலுக்கு முதல் நாள் என் கணவர் மாவிலை தேடி நுவரெலியா கடைத்தெரு முழுவதும் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். "மாமரம் இந்தக் குளிருக்கு வராதே, மகள்" என்றார் மாமி. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சில் தைத்தது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம், ஜனவரி விடியலில் புல்லின்மேல் உறைபனி. காரணம் தெரிந்தும் மனம் ஆறவில்லை. தோரணம் இல்லாத வாசலில் பொங்கல் பானை பொங்கியதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

அம்மா வீடு இருக்கும் மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கிருந்து நுவரெலியாவுக்குப் பக்கத்து ரயில் நிலையமான நானுஓயாவுக்கு ரயிலில் ஆறு மணி நேரத்துக்கு மேல். வந்து இறங்கினால் அதே தமிழ், அதே மாரியம்மன், மாசியில் காமன் கூத்து. பழகிவிட்டேன் என்று முதல் ஆண்டிலேயே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஒரு கொத்து மாவிலை அந்தச் சொல்லைக் கலைத்துவிட்டது.

அந்த வாரம் அம்மா வீட்டு நிலைப்படி அடிக்கடி கண்ணில் நின்றது. திருஷ்டிக்காக அங்கே தலைகீழாகத் தொங்கும் கற்றாழைக்கு மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனாலும் பச்சையாகவே இருக்கும். அதை நினைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தால், மாமியின் பழைய பால்மா டின்களில் எச்செவேரியா, சீடம் என்ற சதைப்பற்றுச் செடிகள் நிறைந்து வழிந்தன. எச்செவேரியாவின் பூர்வீகம் மெக்சிகோ. அதுவே இந்த மலையில் பிழைத்துக்கொண்டதே!

தோரணத்துக்குப் பதிலாக அந்தச் செடிகளையே வாசலில் மாட்ட நினைத்து, தடித்த கம்பியை ஒரு சாண் அகல வட்டமாக வளைத்து, நனைத்துப் பிழிந்த பாசியையும் தென்னந்தும்பையும் அதன்மேல் வைத்து நூலால் இறுகச் சுற்றினேன். தண்டுகளை வெட்டியவுடன் நடக்கூடாது. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட நான்கைந்து நாள் நிழலில் கிடக்க வேண்டும். பிறகு பென்சிலால் துளையிட்டுச் செருகி, கொண்டை ஊசியால் பிடித்துவைத்தேன். வேர் பிடிக்க ஆறு வாரம் வளையம் படுத்தே கிடக்க வேண்டும். என் அவசரம் இரண்டே வாரத்தில் அதைக் கதவில் மாட்டிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வீட்டில் ஏதும் துக்கமா, தங்கச்சி?" மாமி உள்ளிருந்து சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். விவரம் தெரிந்ததும் அக்கா தன் வீட்டு ரணகள்ளியில் ஓர் இலை கொண்டுவந்து கொடுத்தார். பள்ளியில் புத்தகத்துக்குள் வைத்துக் குட்டி போடக் காத்திருப்போமே, அதே இலை.

ஆனி மழைச்சாரலில் அந்த வளையம் அழுகிப்போனது. தண்டுகள் கறுத்துக் குழைந்து ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. இந்தச் செடிகள் வறட்சிக்குப் பிறந்தவை. பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து மூச்சுவிடுபவை. நீரைச் சேர்த்துவைக்கும் உடம்புக்கு ஓயாத ஈரம்தான் பகை. இரண்டாவது வளையத்தை ஆறு வாரமும் தொடாமல் பொறுத்திருந்தேன். இப்போது அது கூரைக்கு உள்ளே, சாரல் படாமல் வெளிச்சம் மட்டும் விழும் இடத்தில் தொங்குகிறது. பாசி நன்றாகக் காய்ந்த பிறகே பேசினில் பத்து நிமிடம் ஊறவைத்து, வடியவிட்டு மாட்டுகிறேன்.

மாவிலையை இனித் தேடமாட்டேன் என்று போன வாரம் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். என் வாசலில் இருப்பது வாடாத தோரணம், மாதத்துக்கு மாதம் வளர்கிறது என்றும் சொன்னேன். அங்கே நாளை கிருத்திகையாம். பேசிக்கொண்டிருக்கும்போதே, கொல்லையில் அப்பா மாங்கிளை ஒடிக்கும் ஓசை கேட்டது. பேச்சை நிறுத்திவிட்டேன். "லைனில் இருக்கிறாயா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார். காம்பில் பால் வடியும் அந்த வாசனை இந்தக் குளிரில் என் மூக்குக்கு எப்படி வந்தது?