412 தப்படித் தெருவில் நான்கு மாதம்

ஆகஸ்ட் கடைசியில் அக்கா மகள் போன் செய்தாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ செயல்திட்டமாம். "மாமா, உங்க தெருவுல என்னென்ன மரம் இருக்கு?" என்று கேட்டாள். "வேப்பமரம்தான் நிறைய" என்று சொல்லிவிட்டு வைத்தேன். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தால் தெருவில் ஒரு வேப்பமரம்கூட இல்லை. இரண்டு மரமல்லி, ஒரு தூங்குமூஞ்சி, ஒரு பாதாம், மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் ஒரு முருங்கை. அவ்வளவுதான். பதினோரு வருடமாகக் குடியிருக்கும் தெரு. குழந்தைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று உறுத்தியது. உடனே போன் செய்து திருத்திச் சொன்னேன். தினமும் எங்கள் தெருவிலேயே நடந்து கவனிக்கும் இந்தப் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

சென்னை மேற்கு மாம்பலத்தில், லேக் வியூ ரோட்டுக்குப் பக்கத்துத் தெரு. முனைக்கு முனை என் நடையில் 412 தப்படி. எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி இதுதான்: காலை ஆறே காலுக்குப் போக வேண்டும். இதே தெருவில் இரண்டு முறை போய் வர வேண்டும். அதுவரை கண்ணில் படாத ஒன்றையாவது குறித்துக்கொள்ள வேண்டும். அலுத்துப்போனாலும் வேறு தெருவுக்குப் போகக் கூடாது.

முதல் வாரம் போனில் படம் எடுத்தேன். ஏழு நாளில் அறுபதுக்கு மேல் சேர்ந்தது. அவற்றில் ஒன்றையும் திரும்பப் பார்க்கவில்லை. படம் எடுத்ததும் பார்த்து முடித்த மாதிரி மனசு அடுத்ததற்குப் போய்விடுகிறது. சரி என்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தெருவில் நின்று எழுதினால் வேறு பிரச்சினை வந்தது. ஒருவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "சார், எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க? வரி ஏத்தப் போறாங்களா?" என்று கவலையோடு கேட்டார். அவரைப் பயமுறுத்தியது எனக்கே கஷ்டமாக இருந்தது. அதன் பிறகு நோட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, முனை டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். டீக்கடை வரைக்கும் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டுமே என்று பார்க்கும்போதே பார்வை கூர்மையாகிறது. இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: நின்ற இடத்தில் எழுதாதீர்கள்.

செப்டம்பரில் கண்ணில் பட்டவை சின்னச் சின்ன விஷயங்கள். கேட்டில் தொங்கும் பால் பைகள். ஆவின் பாக்கெட்டில் பெரும்பாலான வீடுகளில் நீலம், சில வீடுகளில் பச்சை. எப்போதும் நீலம் இரண்டு வாங்கும் வீட்டில் ஒருநாள் ஆரஞ்சு இரண்டு கூடுதலாக இருந்தது. அன்று சாயங்காலம் அந்த வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு.

அப்புறம் கதவிலக்கம். சென்னைக்காரர்களுக்குப் பழைய எண், புதிய எண் சமாசாரம் தெரியும். நான் பழைய எண்களை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டு போனேன். 14, 14ஏ, 14பி, 14சி என்று நான்கு வீடுகள். அதாவது ஒரு காலத்தில் நான்கும் சேர்ந்து ஒரே மனை. 14ஏ வீட்டின் பக்கச் சுவரில் மூடிப்போட்ட கிணற்றின் வளைவு பாதி தெரிகிறது. மீதிப் பாதி 14பி வீட்டுக் கார் நிற்கும் இடத்தில். கிணற்றுக்கு நடுவே மதில் போகிறது. எத்தனையோ தடவை அதன் மேல் சாய்ந்து நின்று பேசியிருக்கிறேன், கிணறு என்று தெரியாது.

இஸ்திரி வண்டிக்காரரோடு இரண்டு நாள் நின்று பேசினேன். பலரும் காஸ் பெட்டிக்கு மாறிவிட்டார்கள். இவர் இன்னும் கரிப்பெட்டிதான் வைத்திருக்கிறார். பெட்டியில் தண்ணீர் தெளித்து, அந்தச் 'சுர்' சத்தத்தை வைத்தே பருத்தியா பாலியஸ்டரா, எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்கிறார். அந்தச் சத்தத்தில் வித்தியாசம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பறவைகள் பக்கமும் முயன்றேன். காகம், மைனா தவிர ஆறே காலுக்கு எதுவும் தங்கவில்லை. விட்டுவிட்டேன்.

இந்த நான்கு மாதத்தில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது படிகள்தான்.

தெருவில் பழைய வீடு ஒன்றே ஒன்று மிச்சம். திண்ணை வைத்த வீடு. அதன் வாசலில் ஒன்றரைப் படி இருக்கிறது. முழுப் படி ஒன்று, அதற்குக் கீழே தாரில் பாதி புதைந்த படி ஒன்று. யாராவது அரைப் படி கட்டுவார்களா என்று மூன்று நாள் யோசித்துக்கொண்டே கடந்துபோனேன். நான்காம் நாள் திண்ணையில் இருந்த பாட்டியே கூப்பிட்டார். "என்னப்பா, தினம் எங்க வாசலையே பாத்துட்டுப் போற?" காரணத்தைச் சொன்னேன். 1968ல் கல்யாணமாகி வந்தபோது நாலு படி ஏறித்தான் உள்ளே போனாராம். "ரோடு போடப் போட ஒவ்வொண்ணா உள்ள போயிடுத்து."

பாட்டியிடம் கேட்டுக்கொண்டு டேப் வைத்து அளந்தேன். முழுப் படியின் உயரம் ஏழு அங்குலம். நாலில் இரண்டரைப் படி மண்ணுக்குள் என்றால் பதினேழரை அங்குலம், ஏறக்குறைய ஒன்றரை அடி. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுக்கொண்டே வந்ததில் தெரு அவ்வளவு உயர்ந்திருக்கிறது. எதிர் வீட்டில் இரண்டு படி இறங்கித்தான் வாசலுக்குப் போக வேண்டும். அந்தப் படிகளைப் பின்னால் கட்டினார்கள் என்று இப்போது புரிகிறது. அவர்கள் கதவடியில் ஒரு அடி உயரத்துக்குக் கடப்பாக்கல் பதித்திருப்பது எதற்கு என்பதும் புரிகிறது. பாட்டி உள்ளே கூட்டிப்போய்ச் சுவரில் 2015 டிசம்பர் வெள்ளத்தின் கறையைக் காட்டினார். சுண்ணாம்பு அடித்தும் மறையவில்லை. என் முழங்காலுக்கு மேலே நாலு விரல்.

அக்டோபர் மூன்றாவது வாரத்தில் மழை பிடித்தது. குடையோடு போனேன். இந்தத் தெரு சமதளமானது என்றுதான் நினைத்திருந்தேன். அப்போது மரமல்லி பூக்கும் காலம். ராத்திரி பூத்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். விரல் நீளக் குழல், நுனியில் வெள்ளையாக விரிந்த இதழ்கள், பன்னீர் வாசம். அந்தப் பூக்கள் மழைத் தண்ணீரில் விழுந்து மெதுவாக நகர்ந்தன. எல்லாம் ஒரே பக்கம், கிழக்கே, ரயில் பாதையை நோக்கி. கொத்தனார்கள் சொல்லும் வாட்டம், அதாவது லேசான சரிவு, தெருவுக்கும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. ஒரு பூவோடு கூடவே நடந்தேன். 412 தப்படியையும் அது ஏழு நிமிடத்தில் கடந்தது.

கிழக்கே என்ன இருந்தது என்று யோசித்தபோதுதான் லேக் வியூ ரோடு என்ற பெயர் காதில் விழுந்த மாதிரி இருந்தது. மாம்பலம் ஏரி. லாங் டேங்க் என்று சொல்லப்பட்ட பெரிய ஏரியின் ஒரு பகுதி. 1920களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். ஏரி போய் நூறு வருடம் ஆகிறது. பெயர்ப் பலகையில் ஏரி இருக்கிறது. தெருத் தண்ணீர் இன்னும் அந்தத் திசைக்குத்தான் போகிறது. அன்றைக்கு டீக்கடையில் நான்கு பக்கம் எழுதினேன்.

மழை விட்டதும் இன்னொன்றையும் எண்ணினேன். 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வைத்த ஓட்டை மூடிகள் ஒன்பது வீட்டு வாசலில் இருக்கின்றன. தண்ணீர் உள்ளே இறங்கியது நான்கில். மற்ற ஐந்திலும் ஓட்டைகள் மண்ணடைத்து, மூடி மேல் செடித்தொட்டி. அதில் ஒன்று எங்கள் அடுக்ககத்துடையது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேன் அண்ணனும் நானும் மூடியைக் கிளப்பினோம். இரண்டு பாண்டு மண்ணும், ஒரு கிரிக்கெட் பந்தும் வந்தன. நவம்பர் மழையில் தண்ணீர் இறங்கியது.

மார்கழி பிறந்ததிலிருந்து ஆறே கால் என்பதை ஐந்தே முக்காலாக மாற்றிக்கொண்டேன். கோலம் போடும்போதே பார்க்க வேண்டும். தெருவில் பதினாறு வாசல், கையால் கோலம் போடுவது ஏழு. பாட்டி போடுவது 13 புள்ளியில் தொடங்கி 7 வரை குறையும் ஊடுபுள்ளி, இழை புள்ளிகளைச் சுற்றிப் பின்னிப் போகும் சிக்குக் கோலம். அரிசி மாவு மட்டும்தான். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே கை ஒரு நொடி நின்று, அப்புறம் இழை இறங்குகிறது. முடியும் வரை கையை எங்கும் எடுத்து வைப்பதில்லை. எட்டு மணிக்குள் எறும்புகள் ஓரத்து இழையிலிருந்து தின்ன ஆரம்பித்துவிடும். உள்பக்கத்துக்கு வர அவற்றுக்குப் பத்தரை ஆகிறது.

நேற்று பாட்டியிடம் கேட்டேன், வாசல் இவ்வளவு மாறிய பிறகு கோலத்துக்கு இடம் எப்படிப் பிடித்தீர்கள் என்று. மாவுக் கிண்ணத்தை அரைப் படியில் வைத்துவிட்டு, கோலத்தின் நடுவைக் காட்டினார். "இதுக்குக் கீழதான் அந்த ரெண்டு படி இருக்கு. கல்யாணமாகி வந்தப்போ அதுமேல போட்டேன். இடத்தை மாத்தலை."