அடுத்த மரம் எது?

காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு முடிந்து ஆறரை மணிக்கெல்லாம் காட்டுக்குள் இருப்போம். மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம், காம்புட் என்கிற, மக்கிய செடிகொடிகளால் ஆன சதுப்பு மண்ணில் போட்ட செம்பனைத் தோட்டம் அது. ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது, எங்கள் வாயில் இன்றும் பழைய பெயர்தான் வருகிறது. வெளிக்காட்டுக் கிராணியாக, அதாவது வெளிவேலைக் கணக்கராக, அங்கே நான் பார்த்த வேலைகளில் மனதுக்கு மிக நெருக்கமானது கரையான் சென்சஸ். மாதம் ஒரு முறை மரம் மரமாகப் போய், தண்டில் மண்பூச்சு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் மரத்தில் சிவப்புச் சாயம், வரைபடத்தில் ஒரு புள்ளி. எங்கள் பிளாக்கில் ஹெக்டருக்கு 160 மரம். நடந்து நடந்து கால் மரத்துப் போகும்.

அந்த மண்பூச்சைக் கத்தி முனையால் ஒருமுறை பெயர்த்துப் பாருங்கள். உள்ளிருந்து முதலில் சிப்பாய்க் கரையான்கள் ஓடி வரும். தலை மஞ்சள், தாடை அரிவாள்போல. விரலைக் கவ்வினால் நெற்றியிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டுப் பால் கசியும், அசல் ரப்பர்ப் பால் மாதிரியே இருக்கும். இதே கரையான்தான் முன்பு ரப்பர் மரங்களையும் தின்றது. சிப்பாய்களுக்குப் பின்னால் வேலைக்காரக் கரையான்கள் வந்து உடனே ஓட்டையை அடைக்கத் தொடங்கும். அவற்றுக்குக் கண் கிடையாது.

முதல் வருடமே நிர்வாகி என்னிடம் கேட்டார்: "அடுத்த மாதம் எந்த மரத்தில் ஏறும்? பட்டியல் கொடு, முன்கூட்டியே மருந்து அடித்துவிடலாம்." நியாயமான கேள்வி. புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து, திசை பார்த்து, முப்பது மரங்களுக்குக் குறி வைத்தேன். நாலுதான் சரியாக வந்தது. வீணான மருந்தும் ஆட்கூலியும் என் கணக்கில் எழுதப்பட்டன. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மருந்தடிக்கும் கேங்கில் இருந்த பெரியம்மா ஒருவர்தான் வழி காட்டினார். "தம்பி, மரத்தப் பாத்துக் குறி போடாதீங்க. கீழ புதைஞ்சு கெடக்குற கட்டையப் பாருங்க. எந்த மரத்துக்குப் போகும்னு அதுக்கே தெரியாது. எங்கேருந்து பொறப்படும்னு எனக்குத் தெரியும்." அந்த நிலம் முன்பு காடு. வெட்டிய பெருமரங்கள் காம்புட்டுக்குள் மக்காமல் கிடக்கின்றன. கூடு அங்கேதான். வேலைக்காரக் கரையான்கள் அங்கிருந்து நாலாபுறமும் சுரங்கம் போடுகின்றன. ஒன்றுக்கு ஒரு வேர் தட்டுப்பட்டால், அது விட்ட வாசனையைப் பிடித்து மற்றவை வருகின்றன, வருவதெல்லாம் வாசனையை இன்னும் கூட்டுகின்றன. முதலில் தட்டுப்படுவது எந்த வேர் என்பது தற்செயல். தட்டுப்பட்ட பிறகு நடப்பதில் தற்செயலுக்கு அதிக வேலை இல்லை.

பியேர்-பால் கிராஸே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1959-இல் கரையான் புற்றைப் பற்றிச் சொன்னதும் இதைப் போன்றதுதான். ஒரு கரையான் மண் உருண்டையை எங்கோ வைக்கிறது. அந்த உருண்டையே அடுத்த கரையானை அங்கே வைக்கத் தூண்டுகிறது. இரண்டு மூன்று உருண்டைகள் தற்செயலாக ஒன்றாய் விழுந்த இடத்தில் தூண் எழும்புகிறது. மேஸ்திரியும் இல்லை, வரைபடமும் இல்லை.

அப்புறம் இன்னொன்று. பெல்ஜியத்தில் டெனுபூரும் நண்பர்களும் 1990-இல் எறும்புகளை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கூட்டுக்கும் எறும்புகள் அதுவரை போகாத ஒரு வெளிக்கும் நடுவே சம நீளத்தில் இரண்டு பாலம். முதல் சில நிமிடம் எறும்புகள் இரண்டிலும் போகும். பிறகு கிட்டத்தட்ட எல்லாமே ஒரே பாலத்துக்கு மாறிவிடும். மறுபடி செய்தால் ஒரு சமயம் இந்தப் பக்கம், இன்னொரு சமயம் அந்தப் பக்கம். இதைப் படித்ததும் ஆபீஸ் பின்கட்டில் இரண்டு மூங்கில் பட்டை வைத்து, சீனித்தண்ணீர் ஊற்றி நானும் செய்து பார்த்தேன். ஒரு பட்டை நிரம்பியது, மற்றது காலி. ஆனால் அந்தக் காலிப் பட்டையில் ஒன்றிரண்டு எறும்புகள் சுற்றிக்கொண்டே இருந்தன. என் கண் அவற்றை விட்டு நகரவில்லை. நாளைக்குச் சீனி வேறு இடத்துக்குப் போனால் முதலில் கண்டுபிடிக்கப்போவது அவைதானே? எல்லா எறும்பும் தடம் தப்பாமல் நடந்தால் அந்தக் கூடு தீனி தீர்ந்த இடத்துக்கே போய்ப் போய்ப் பட்டினி கிடக்கும். வழி தவறுவதும் கூட்டத்துக்கு ஒரு சேவை என்று அன்றுதான் பட்டது.

அடுத்த சென்சஸுக்கு மரப் பட்டியல் எழுதவில்லை. பெரியம்மாவோடு நடந்து கட்டை கிடக்கும் இடங்களைக் குறித்து, ஐந்து வட்டம் போட்டேன். "இந்த வட்டங்களுக்குள் ஏறும். எந்த மரம் என்று சொல்ல முடியாது" என்று எழுதிக் கொடுத்தேன். நிர்வாகி ரொம்ப நேரம் பார்த்தார். "சொல்ல முடியாதுன்னா எழுதியிருக்கே?" என்றார். "ஆமாங்க ஐயா, அதுதான் உண்மை" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அந்த மாதம் புதுப் புள்ளிகளில் பெரும்பாலானவை வட்டங்களுக்குள்ளேயே விழுந்தன. மூன்றாம் வட்டத்தின் நட்டநடுவில், கட்டையை ஒட்டியே ஒரு மரம் நின்றது. சுற்றியிருந்த ஆறு மரங்களுக்கும் சாயம் அடித்தாயிற்று. அந்த ஒரு மரத்தின் தண்டை மாதாமாதம் தடவிப் பார்ப்பேன். நான் வேலையை விடும்வரை அதில் ஒரு துளி மண்கூட ஏறவில்லை.