பதில் சொல்ல இடம் விடும் பேச்சு

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் யாழ்ப்பாண மாவட்டத்து மத்தியஸ்த சபையொன்றில் மத்தியஸ்தராகப் பணியாற்றி வருகிறேன். பிணக்குகளை இரு பகுதியாரும் பேசித் தீர்த்துக்கொள்வதற்காக, இலங்கையின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்தவை இச்சபைகள். ஊர்ச்சனம் இன்னும் பழைய பழக்கத்தில் ‘இணக்கசபை’ என்றே சொல்கிறது. வார இறுதியில் ஒரு பாடசாலை மண்டபத்தில், பிள்ளைகளின் வாங்கு மேசைகளை ஒதுக்கிவிட்டு அமர்கிறோம். இதற்குச் சம்பளம் இல்லை. எங்கள் முன்னால் சட்டத்தரணிகள் எவரும் தோன்ற முடியாது. பிணக்குக்காரர் தங்கள் வாயால் தாங்களே கதைக்க வேண்டும். அங்கே ஒருவர் சொல்வது எதுவும் பின்னர் நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சான்றாக எடுக்கப்படமாட்டாது என்ற பாதுகாப்பையும் சட்டம் கொடுக்கிறது. எங்கள் சனத்தில் பலருக்கு, மனத்தில் இருப்பதை அஞ்சாமல் முழுவதுமாகச் சொல்லும் இடம் வாழ்நாளில் இது ஒன்றாகத்தான் இருக்கும். அந்த இரகசியத்துக்கு நானும் கட்டுப்பட்டவன் என்பதால், கீழே எழுதுபவற்றில் ஆட்களும் இடமும் அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டிருக்கின்றன.

முறைப்பாட்டுக் கோவையின் மேலட்டையில் எல்லைத் தகராறு, பங்குக் கிணறு, கைமாற்றுக் காசு, ஒழுங்கைக்குள் வாகனம் விடுதல் என்று எழுதியிருக்கும். ஆனால் இரு பகுதியாரும் வந்து அமர்ந்து சற்று நேரத்தில், சண்டை காணியைப் பற்றியதா, அந்தக் காணியைப் பற்றிக் கதைக்கும்போது வாயில் வந்த ஒரு சொல்லைப் பற்றியதா என்பது விளங்கிவிடும். இரண்டு கதியால்களை (வேலிக்கு நடும் உயிர்த்தடிகளை) இடம் மாற்றி நடுவதற்குச் சம்மதிக்கிறவர்கள், வேலிக்கு மேலால் கேட்ட ஒரு வசனத்தை மட்டும் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு எங்களுக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

‘கதைக்கிறதுக்கு எனக்குச் சுதந்திரம் இருக்கு’ என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் இப்போது அதிகம், குறிப்பாக இளையவர்களிடையே. அது நல்ல மாற்றம் என்றே நான் கருதுகிறேன். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை உறுதிப்படுத்துகிறது. இன மத ஒற்றுமை, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் போன்ற காரணங்களுக்காக அதனைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரை சொல்கிறது. 2002இல் குற்றவியல் அவதூறு தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டது. அந்தக் கோவையின்கீழ் அவதூறு என்ற குற்றத்துக்காகச் சிறைக்குப் போகும் நிலை அதனோடு ஒழிந்தது. இருந்தாலும், ஒருவரை வேண்டுமென்றே அவமதித்து அமைதிக் குலைவுக்குத் தூண்டுவது அதே சட்டக்கோவையின் 484ஆம் பிரிவின்கீழ் இன்னும் குற்றந்தான். இவற்றையெல்லாம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது வழக்கம். ஆனால் அடிப்படை உரிமை என்பது முதன்மையாக அரசின் கையிலிருந்து எங்களைக் காப்பதற்கு எழுதப்பட்டது. ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளும் இரண்டு வீட்டார் ஒருவரோடு ஒருவர் எப்படிக் கதைக்க வேண்டும் என்பதை எந்த உறுப்புரையிலும் தேட முடியாது. அதை அந்த இரண்டு வீட்டாரும் தங்களுக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

மரியாதை என்ற பேச்சை எடுப்பவர்களிடம் நான் கூடுதல் கவனமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் மரியாதை என்பது நெடுங்காலமாக ஒரு திசையில் மட்டும் ஓடியது. சால்வையை இடுப்பில் கட்டி ஒதுங்கி நிற்பவர் ஒருவர், நாற்காலியில் இருந்தபடி பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் இன்னொருவர். தேநீர்க் கடையில் சிலருக்கு வேறு குவளை, வேறு இடம் என்று இருந்த காலத்தை என் வயதினர் கண்ணால் கண்டிருக்கிறார்கள். சாதியின் பெயரால் தடை விதிப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது; ஆயினும் 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ் நகருக்கு ஊர்வலம் போக வேண்டியிருந்தது, 1968இல் உள்ளே போகும் உரிமை கேட்டு மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் நிற்க வேண்டியிருந்தது. அன்றும், வாசலுக்கு வெளியே நின்றவர்களின் பேச்சைத்தான் ‘மரியாதை கெட்ட பேச்சு’ என்றார்கள். அதற்குப் பின்னால் வந்த போர்க்காலமோ எல்லாரையும் ஒரேயடியாக வாய்மூட வைத்தது. யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பேருந்துக்குள் ஊர் நிலைமையைக் கதைத்தோம். பிள்ளைகளுக்கு முதலில் பழக்கியதே வெளியில் வாய் திறக்காதே என்பதைத்தான். இத்தனைக்கும் பிறகு ஒரு மனிதர் எழுந்து நின்று தன் குறையைச் சொல்லும்போது, மரியாதையைக் காரணம் காட்டி அவரை இருத்திவிட எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு பிணக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கணவனை இழந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவரும், அவருக்குத் தந்தை வயதுடைய அயலவர் ஒருவரும் வந்தார்கள். இடப்பெயர்வில் அந்தப் பெண்ணின் குடும்பம் வன்னிக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது, வளவின் கிழக்கு வேலி உள்ளே நகர்ந்திருந்தது என்பது முறைப்பாடு. முதலில் பெண்ணுக்காக அவருடைய தமையன் கதைத்தார். நாங்கள் அவரை நிறுத்தி, முறைப்பாட்டாளர் தானே சொல்லட்டும் என்றோம். பின்னால் இருந்த உறவினர் ஒருவர் உடனே, ‘அவர் பெரிய மனுசன், நீ எதிர்த்துக் கதையாதை பிள்ளை’ என்றார். பெண் எழுந்து, நிலத்தைப் பார்த்தபடி, ஆனால் தெளிவாகச் சொன்னார்: ‘நாங்கள் இல்லாத நேரம் பார்த்து ஐயா கதியாலைத் தள்ளி நட்டுப் போட்டார்.’

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. ‘நாலு பேருக்கு முன்னாலை என்னைக் கள்ளன் எண்டுறாள். இதுதான் மரியாதையோ?’ என்று எங்களைக் கேட்டார். அவருடைய கோபம் பொய்யானதல்ல. ஊரில் பெயரோடு வாழ்ந்தவர், கோயில் நிர்வாகத்தில் இருந்தவர். ஆனால் அந்தப் பெண் சொன்னது ஒரு செயலைப் பற்றியது. காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவரலாம், நில அளவையாளரைக் கூப்பிடலாம், வேலியில் நிற்கும் அந்தக் கிளுவை மரங்கள் எப்போது நடப்பட்டவை என்று மற்றைய அயலவர்களைக் கேட்கலாம். ‘நான் நடவில்லை’ என்று அவர் மறுக்கலாம், ‘வேலி சரிந்தது, திருப்பி அடைத்தேன்’ என்று விளக்கலாம். கேட்பதற்குக் கசப்பாக இருந்தாலும், அவருக்குப் பதில் சொல்ல வழி திறந்தே இருந்தது.

அவர் அந்த வழியால் வரவில்லை. ‘மனுசனைத் திண்டவளுக்குக் காணி ஒரு கேடோ’ என்றார். மண்டபத்தில் அடுத்த மேசையில் நடந்துகொண்டிருந்த பேச்சுக்கூட நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் கையில், உறுதிப் பிரதி இருந்த நெகிழிக் கோப்பு ஒன்று இருந்தது. அதை மடியில் வைத்துவிட்டு அவர் அமர்ந்தார். அதன் பிறகு எதைக் கேட்டாலும் தமையனைப் பார்த்தாரே ஒழிய வாய் திறக்கவில்லை.

இந்த இடத்தைத்தான் நான் பல முறை திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். அந்தப் பெரியவரின் வசனத்துக்கு என்ன பதில் இருக்கிறது? எந்த உறுதியைக் காட்டி அதை மறுப்பது? எந்த அளவையாளரைக் கூப்பிடுவது? ஒருவர் செய்ததைப் பற்றிச் சொல்லும் சொல், அது எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும், அவரைப் பேச்சுக்குள் இழுத்துக்கொள்கிறது. அவர் பிறந்த குலத்தை, இழந்த உறவை, உடம்பின் ஊனத்தை, பிள்ளை இல்லாமையைச் சொல்லும் சொல் அவரைப் பேச்சுக்கு வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே பேச்சுச் சுதந்திரமும் மரியாதையும் தராசின் இரண்டு தட்டுகள், ஒன்று கூடினால் மற்றது குறையும் என்று பலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மண்டபத்தில் மரியாதை கெட்ட கணத்தில்தான் ஒருவருடைய பேச்சுச் சுதந்திரமும் பறிபோனது. ஆளை வாயடைக்க வைப்பதற்காகவே சொல்லப்படும் சொல்லைச் சுதந்திரத்தின் பெயரால் நான் எப்படிக் காப்பது? அதேபோல, ‘பெரிய மனுசனோடு எதிர்த்துக் கதையாதை’ என்ற அந்த உறவினரின் அறிவுரையும் அதே வேலையைத்தான் செய்தது. அது மரியாதையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

அன்று பெரியவரை எல்லார் முன்னிலையிலும் நாங்கள் கண்டிக்கவில்லை. கண்டித்திருந்தால் அவரும் வாயடைத்துப் போயிருப்பார், பிணக்கு அப்படியே கிடந்திருக்கும். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தபடி, இரு பகுதியாரையும் தனித்தனியே அழைத்துக் கதைத்தோம். குழுவிலிருந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பெரியவரிடம், ‘ஐயா, வேலியைப் பற்றி நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை’ என்றார், மிகவும் ஆறுதலாக. சற்று நேரம் கழித்து அவருடைய உண்மையான குறை வெளியே வந்தது. அந்தக் குடும்பம் ஊரில் இல்லாத ஆண்டுகளில் அவர்தான் அந்த வளவைக் காவல் பார்த்திருக்கிறார். திரும்பி வந்த பிறகு நடந்த பிள்ளையின் சாமத்தியவீட்டுக்கு (பூப்புனித நீராட்டு விழாவுக்கு) அவருக்கு வீடு தேடி வந்து சொல்லவில்லை. நியாயமான குறைதான். அதை அவர் நேரே சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கும் பதில் சொல்ல இருந்திருக்கும். உண்மையில் இருந்தது; வெளிநாட்டிலிருந்து காசு வராமல், யாருக்கும் சொல்லாமல் வீட்டோடு செய்த சடங்கு அது.

வேலி விடயம் அளவையோடு முடிந்தது. அந்த வசனம் முடியவில்லை. பெரியவர் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தார், ஆனால் தனியறையில். பெண்ணோ, ‘எங்கை சொன்னவரோ அங்கையே திருப்பி எடுக்கட்டும்’ என்றார். இணக்கப் பத்திரத்தில் எத்தனை முழம், யார் செலவு என்று எழுதலாம். இதை எழுத அதில் நிரல் இல்லை.

இப்போதெல்லாம் இத்தகைய வசனங்கள் வேலிக்கு மேலால் மட்டும் வருவதில்லை. கைத்தொலைபேசியில் குரல் பதிவாகப் போகின்றன. அடுத்த வளவில் இருப்பவருக்குக் கேட்பதற்கு முன்னரே ரொறன்ரோவில் இருக்கும் மச்சானுக்குக் கேட்டுவிடுகிறது. எழுதியதை மறுக்கலாம், குரலை மறுக்க முடியாது என்று ஓர் இளைஞர் எங்களிடம் பதிவைப் போட்டுக் காட்டினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய தாயின் நிலையையும் அங்கே பார்த்தேன்.

நாளாந்த நடைமுறையில் சில விடயங்களில் நான் விடாப்பிடியாக இருக்கிறேன். ஒருவர் கதைத்து முடியும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும்; அது முதலாளிக்கும் கூலியாளுக்கும், மாமனுக்கும் மருமகளுக்கும் ஒன்றே. ஒருவர் மற்றவரை ‘நீங்கள்’ என்று கதைக்க, அந்த மற்றவர் ‘நீ, வா, போ’ என்று பதில் சொல்வதை மண்டபத்துக்குள் விடுவதில்லை. வயதில் மூத்தவர்கள் சிலர் இதற்கு முகம் சுளிக்கிறார்கள். உறவுமுறையில் அப்படித்தான் கூப்பிடுவது வழக்கம் என்கிறார்கள். வீட்டில் அது அன்பாக இருக்கலாம், பிணக்கு மேசையில் அது பலம் என்று விளக்கிச் சொல்கிறேன். திட்டோடு கலந்து வரும் குறையை, திட்டை எடுத்துவிட்டுக் குறையை மட்டும் முழுமையாக நான் திருப்பிச் சொல்லி, ‘நீங்கள் சொல்ல வந்தது இதுதானோ?’ என்று கேட்பதும் உண்டு. இதில் மிகுந்த கவனம் தேவை. திட்டை எடுக்கிற சாக்கில் குறையின் கூர்மையையும் சேர்த்து மழுங்கடித்துவிட்டால், அது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம். ‘அவர் என் காசை ஏமாற்றினார்’ என்று ஒருவர் சொன்னால் அதை ‘உங்களுக்கிடையில் கொடுக்கல் வாங்கலில் ஒரு தெளிவின்மை’ என்று மாற்ற எனக்கு உரிமையில்லை. ஏமாற்றினார் என்பது அவருடைய சொல், அவருடைய குற்றச்சாட்டு. அதை அவர் சொல்லலாம், எதிர்ப்பகுதி மறுக்கலாம். அதே மூச்சில் அவர் எதிராளியின் சாதியை இழுத்தால் மட்டும் அதை நான் திருப்பிச் சொல்வதில்லை; ஏன் சொல்லவில்லை என்பதை அவருக்கு வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

என்னை மிகவும் வருத்துவது, இரு பகுதியாரின் உறவினரும் சிலவேளை எங்கள் சக மத்தியஸ்தர்களுமே கூட, எப்படியாவது இணக்கம் கண்டுவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், அவமதிக்கப்பட்டவரை நோக்கி ‘விட்டுக்குடு பிள்ளை, அவர் பெரியவர்தானே’ என்று சொல்லும் கணம். மத்தியஸ்தர் எவரையும் இணங்கும்படி நெருக்கக் கூடாது. இணக்கம் காணப்படாவிட்டால் அதற்குரிய சான்றிதழைக் கொடுத்துவிட வேண்டும், அதைக் கொண்டு அவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்தச் சான்றிதழைத் தோல்வியாகக் கருதும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அவமதிப்பு முறைப்பாடுகளில் நான் அப்படிக் கருதுவதில்லை. முறைப்பாட்டாளர் தான் கேட்டது கிடைக்கவில்லை என்று சொன்னால், இன்னொரு முறை வற்புறுத்தாமல் அதில் கையொப்பமிட்டுக் கொடுக்கிறேன்.