ஒண்டுக்குடித்தன இணையம்

அப்பா திருமங்கலத்தில் நடத்திய ஸ்டூடியோவின் நெகடிவ்கள் மூன்று டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. இரண்டு வருடம் உட்கார்ந்து ஸ்கேன் செய்து, ராஸ்பெரி பை (Raspberry Pi) என்ற குட்டிக் கணினியில் ஏற்றி, புத்தக அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். வீட்டுக்குள் எந்தத் திரையிலும் படங்கள் வருகின்றன. சேலத்திலிருக்கும் தங்கை தானும் பார்க்க வேண்டும் என்றபோதுதான் வினை வந்தது.

வெளியிலிருந்து வருகிறவருக்காக ரவுட்டரில் ஒரு போர்ட், அதாவது ஒரு வாசல், திறந்துவிட்டேன், பயனில்லை. என் கைப்பிழைதான் என்று நம்பியே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. சாயங்காலம்தான் ரவுட்டரின் ஐபி முகவரி, இணையத்தில் அதன் கதவிலக்கம், கண்ணில் பட்டது. 100.72 என்று தொடங்கியது. வெளியுலகுக்குத் தெரிகிற என் முகவரியோ வேறு. 100.64 முதல் 100.127 வரையான எண்கள் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக்கொள்வதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டவை. பழைய ஐபிவி4 முறையில் மொத்த முகவரிகளே சுமார் 430 கோடி. போதாததால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் குடிவைத்துவிடுகிறார்கள். அந்தக் கால ஒண்டுக்குடித்தனம்தான். உள்ளிருந்து யாரும் வெளியே போகலாம். தேடி வருகிறவருக்கோ தெருக்கதவு மட்டும்தான் தெரியும், எந்தக் குடித்தனம் என்று சொல்ல ஆளில்லை.

இணைய இணைப்புத் தரும் நிறுவனத்தைக் கூப்பிட்டேன். "சர்வரா? வீட்டு இணைப்பில் அனுமதி இல்லை சார். ஸ்டாடிக் ஐபி, அதாவது மாறாத தனி முகவரி, வேண்டுமென்றால் பிசினஸ் திட்டத்துக்கு மாறுங்கள்" என்றார் எடுத்துப் பேசிய பெண். அப்பாவின் கல்யாணப் படங்களை வைத்து நான் என்ன பிசினஸ் செய்யப்போகிறேன்? பதிவேற்ற வேகமும் 100 எம்பிபிஎஸ் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எதை ஏற்றுவதற்காம்?

மின்னஞ்சல் அனுப்பும் 25ஆம் போர்ட்டை அடைத்திருப்பதில் எனக்குக் குறையில்லை. வைரஸ் புகுந்த கணினிகள் அதன் வழியே குப்பை அஞ்சலாகக் கொட்டித் தீர்க்கும். ஆனால் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை என் வீட்டுக்கு வந்திருக்கிறது. அதில் எண் பஞ்சமே கிடையாது. அப்படியும் ரவுட்டர் வெளியிலிருந்து வருவதையெல்லாம் தடுக்கிறது, அதை மாற்றும் பக்கம் மட்டும் எனக்குப் பூட்டிக் கிடக்கிறது.

கடைசியில் மும்பையில் ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்தேன். வயர்கார்டு என்ற பூட்டிய சுரங்கப்பாதை வழியாக, அது அடைபட்டுவிடாமல் இருக்க, 25 விநாடிக்கு ஒருமுறை அலமாரிப் பெட்டி அதனிடம் "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

தங்கை முதலில் திறந்தது அவளுடைய காதுகுத்துப் படத்தை. மொட்டைத் தலையோடு மாமா மடியில் அழுகிறாள். படம் வரச் சற்றுத் தாமதமாகிறதே என்றாள். மும்பையைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்றேன்.