காரிடாரில் என்ன ஒட்டுகிறீர்கள்?

கிருஷ்ணகிரியில் ஆரம்பித்து தர்மபுரி வரை என்எச் 44 ஓரமாகப் புதிதாக எந்த லாட்ஜ், எந்தக் கல்யாண மண்டபம் திறந்தாலும் உள்ளே ஒரே முகம்தான். ரிசப்ஷனுக்குப் பின்னால் சார்கோல் லூவர் என்ற வரிவரியான அலங்காரப் பேனல், காரிடார் முழுக்க பிவிசி பேனல், மேலே ஓரத்தில் மறைவாக ஒளிரும் கோவ் லைட் போட்ட பால்ஸ் சீலிங். ரூமுக்குள் எதையாவது ஒட்டிக்கொள்ளுங்கள், அதைப் பிறகு பேசலாம். காரிடாரிலும் மாடிப்படியிலும் ஒட்டுவதுதான் முதல் கேள்வி. தீப்பிடித்தால் ஆட்கள் வெளியே வர இருப்பது அந்த வழி மட்டும்தான். 2019 பிப்ரவரியில் டெல்லி கரோல் பாக்கில் ஓர் ஓட்டல் எரிந்து 17 பேர் இறந்தபோது காரிடார் சுவரின் மரப் பேனல் பெரிய பேச்சானது இதனால்தான்.

எனவே பட்ஜெட் குறைவென்றால் செலவு இந்த வரிசையில் போகட்டும்: மாடிப்படி, காரிடார், லாபி, டைனிங் ஹால், கடைசியாக ரூம். நடப்பில் லாபிக்குக் கொட்டிவிட்டு மாடிப்படிக்கு மிச்சம் மீதியை வைப்பார்கள்.

கடையில் லைட்டரைக் கொளுத்தி பிவிசி பேனலில் காட்டுவார்கள். லைட்டரை எடுத்ததும் நெருப்பு அணையும். "பாத்தீங்களா சார், ஃபயர் ப்ரூஃப்" என்பார்கள். குளோரின் இருப்பதால் பிவிசி அப்படித்தான் நடந்துகொள்ளும், அதில் பொய்யில்லை. ஆனால் பக்கத்து ரூம் எரிந்து சுவரே சூடேறும்போது அதே பேனல் கரும்புகையையும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவையும் விடும். கண்ணைத் திறக்க முடியாது, மூச்சும் அடைக்கும். சார்கோல் லூவர் என்று விற்பது பெரும்பாலும் பாலிஸ்டைரீன். பெயரில் கரி இருந்தாலும் குணம் தெர்மோகோலுக்குத்தான் நெருக்கம்: இளகும், சொட்டும், சொட்டும்போதே எரியும்.

லைட்டருக்குப் பதில் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். தேசியக் கட்டட நெறிமுறை 2016, பகுதி 4, மேற்பரப்பில் தீ பரவும் வேகத்தை வைத்துப் பொருள்களை 4 வகுப்பாகப் பிரிக்கிறது. வகுப்பு 1 எங்கும் போடலாம். காரிடாருக்கும் மாடிப்படிக்கும் அதற்குக் கீழே இறங்கவே கூடாது. பிரிட்டிஷ் முறையான பிஎஸ் 476 பகுதி 7-இல் வகுப்பு 1 வாங்க, 10 நிமிடச் சோதனையில் தீ 165 மி.மீ. தாண்டக் கூடாது. அமெரிக்க ஏஎஸ்டிஎம் ஈ84 ரிப்போர்ட் என்றால் 'ஏ' வகுப்புக்குப் பரவல் எண் 25-க்குள், புகை எண் 450-க்குள். ஐரோப்பிய ரிப்போர்ட்டில் எழுத்துக்குப் பின்னால் வரும் எஸ்1, டி0 இரண்டையும் பாருங்கள். முன்னது புகை குறைவு, பின்னது எரியும் சொட்டு இல்லை. ஐரோப்பிய 'பி' நல்ல தரம், அமெரிக்க 'பி' நடுத்தரம். இந்தக் குழப்பத்தில்தான் பாதி வியாபாரம் நடக்கிறது. எந்தத் தடிமனில், எதன் மேல் ஒட்டிச் சோதித்தார்கள் என்பதும் ரிப்போர்ட்டில் இருக்கும். சிமென்ட் போர்டில் ஒட்டிப் பாஸான லேமினேட்டைச் சாதா பிளையில் ஒட்டினால் அந்த ரிப்போர்ட் உங்களுக்கு உதவாது.

பிளைவுட்டில் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் போட்டிருந்தால் தண்ணீருக்குத் தாங்கும், அவ்வளவுதான். தீக்கு ஐஎஸ் 5509 முத்திரை வேண்டும். அந்தப் பிளையில் ஏற்றியிருப்பது பெரும்பாலும் உப்பு மருந்து, அது ஈரத்தை இழுக்கும். ஒகேனக்கல் ஆற்றோர லாட்ஜ் மாதிரி ஈர இடங்களிலும் பாத்ரூம் சுவர்களிலும் சாதா இரும்பு ஸ்க்ரூ துரு ஏறிப் பிடி விட்டுவிடும். துருப்பிடிக்காத ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். தீத்தடுப்பு வார்னிஷ் அடித்த மரத்தின் மேல் பளபளப்புக்காக வேறு பாலிஷ் ஏற்றினால், அடித்தது வீண். மேல் கோட்டும் அதே கம்பெனி சொன்னதாக இருக்க வேண்டும்.

சீலிங்குக்கு ஜிப்சம் போர்டை மிஞ்ச ஆளில்லை. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீர். 12.5 மி.மீ. போர்டில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். அது ஆவியாகித் தீரும் வரை பின்பக்கச் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் போன பிறகு சாதா போர்டு சுருங்கி, விரிசல் விட்டு உதிரும். உள்ளே கண்ணாடி இழை கலந்த தீ போர்டு கூடுதல் நேரம் நிற்கும். நம் ஊரில் வழக்கமாகத் தீ போர்டுக்கு இளஞ்சிவப்புக் காகிதம், ஈரம் தாங்கும் போர்டுக்குப் பச்சை. விலை கூடியது என்பதால் பச்சையே தீக்கும் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய.

போர்டு நல்லதாக இருந்தும் வேலை கெடும் இடங்கள் உண்டு. போர்டைத் தாங்கும் ஜிஐ சீலிங் செக்ஷன் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) 457 மி.மீ. இடைவெளியில், ஸ்க்ரூ 230 மி.மீ.க்கு ஒன்று. இரண்டு அடுக்கு என்றால் இணைப்புக் கோடு மேலும் கீழும் ஒரே இடத்தில் வரக் கூடாது, இரண்டாவது அடுக்குக்கு 25 மி.மீ. ஸ்க்ரூ எட்டாது, 35 வேண்டும். பிறகு எலக்ட்ரீஷியன் வந்து டவுன்லைட்டுக்குப் பத்து ஓட்டை போட்டால் சீலிங்கின் தீத்தடுப்பு நேரம் அங்கேயே போயிற்று; லைட்டுக்கு மேல் தீ மூடி வைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தப்பு, ரூம் தடுப்புச் சுவரை பால்ஸ் சீலிங்கோடு நிறுத்துவது. மேலே வெற்றிடம் ஒரே சுரங்கமாக ஓடும், ஒரு ரூம் புகை ஐந்தாவது ரூமில் இறங்கும். சுவர் ஸ்லாப் வரை போகட்டும். அதில் பைப், கேபிள் நுழையும் ஓட்டையைச் சாதா பியூ ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) அடித்து மூடாதீர்கள். அதுவே எரியும். தீ தாங்கும் சீலன்ட், ராக்வுல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) போடுங்கள்.

காரிடார் சுவரில் ஆள் உயரத்துக்கு என்ன போடுவது? கிரானைட் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு பெங்களூரிலிருந்து பிளாஸ்டிக் இறக்குவது எனக்குப் புரியாத கணக்கு. பாலிஷ் ஃபேக்டரிகளில் மிஞ்சும் துண்டுகளே போதும், எரியவே எரியாது. ஒன்று மட்டும்: கிரானைட்டிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென விரியும், கல் சிதறும். சொரசொரப்புக்காகச் சுடரைக் காட்டி ஃப்ளேம்ட் ஃபினிஷ் கொடுக்கும்போது மேல்தோல் பொரிவதும் சூட்டில் கல் விரிவதால்தான். எனவே கதவு உயரத்துக்கு மேல் பசையை மட்டும் நம்பி ஒட்டாமல் கிளாம்ப் போட்டுப் பிடிக்க வேண்டும்.

தீக்கதவு வாங்கினால் ஃப்ரேம், கீல், சூட்டில் உப்பி இடுக்கை அடைக்கும் ஓரப் பட்டை, டோர் குளோசர் எல்லாம் ஒரே செட்டாக வாங்குங்கள். உரசுகிறது என்று ஆசாரி ஓரத்தைச் சீவினால் பட்டை போய்விடும்.

மண்டபக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை: சுவர், சீலிங் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, முகூர்த்த நாளில் டெக்கரேஷன்காரர் சீலிங் முழுக்கப் பாலியெஸ்டர் துணியும் மேடையில் தெர்மோகோலும் கட்டிவிடுவார். வாடகை ரசீதிலேயே தெர்மோகோல் கூடாது, துணி ஃபோகஸ் லைட்டிலிருந்து தள்ளி நிற்க வேண்டும், வெளியேறும் வாசலை மூடக் கூடாது என்று அச்சடித்துவிடுங்கள். மண்டபத்தின் சொந்தத் திரைச்சீலைக்கு, நூலிலேயே தீத்தடுப்பு உள்ள துணி எடுங்கள். மேலே மருந்து தெளித்ததென்றால் துவைக்கத் துவைக்கப் போகும். எத்தனை சலவை தாங்கும் என்று எழுதி வாங்கி, சலவைத் தேதியைத் திரையின் உள்விளிம்பிலேயே குறித்து வையுங்கள்.