பிரிட்ஜுக்குப் போட்ட பூட்டு

பெருக்குமாறு உள்ளே போகவில்லை என்று என் மனைவி பையனுடைய கட்டிலை நகர்த்தினாள். சுவரோரம் பிஸ்கட் உறைகள், ஒரு காலி மில்க்மெய்ட் டின், அம்மா அறையிலிருந்து காணாமல் போயிருந்த எள்ளுருண்டை டப்பா. அவனுக்கு அப்போது 11 வயது.

அதுவரை வீட்டில் எல்லாரும் சொன்னது, 'வளர்ற பையன், சாப்பிடட்டும்' என்பதுதான். அதே ஆட்கள் கல்யாண வீட்டில் அவன் வயிற்றைத் தட்டி, 'என்னடா, எத்தனை மாசம்?' என்றும் கேட்பார்கள். நானும் கூடவே சிரித்திருக்கிறேன்.

நான் செய்த முதல் காரியம், பிரிட்ஜுக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டியது. சாவி என் சட்டைப் பையில். ஒரு வாரத்தில் அதே சட்டைப் பையிலிருந்து பத்தும் இருபதுமாகக் காசு குறைய ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பப்ஸ் கடை. காசு கிடைக்காத நாளில் பூஸ்ட் பவுடரை அப்படியே அள்ளித் தின்றான். அது தீர்ந்ததும் வெல்லம். அடித்தேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அவன் பிடரி கறுத்திருந்ததை அழுக்கு என்று நினைத்து, அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் பயத்தமாவு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் டாக்டர் பார்த்த உடனே சொன்னார், அது அழுக்கில்லை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் என்று. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரி. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் HbA1c 5.9 சதவீதம். 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டமாம். கையில் ஒரு டயட் சார்ட் கொடுத்து அனுப்பினார்கள்.

ஒன்பது நாள் அதன்படி நடந்தோம். பத்தாம் நாள் இரவு சமையலறையில் விளக்கு எரிந்தது. குக்கரில் மீந்திருந்த சோற்றை நின்றபடியே கையால் அள்ளித் தின்றுகொண்டிருந்தான். குழம்பு இல்லை, மோர் இல்லை, ஊறுகாய்கூட இல்லை. ருசிக்காகத் தின்கிறவன் வெறுஞ்சோற்றை அப்படித் தின்ன மாட்டான். என்னைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நிறுத்தணும்னுதான் தோணுதுப்பா. கை நிக்க மாட்டேங்குது."

மறுநாள் 14416-ஐ அழைத்தேன். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022-ல் தொடங்கிய இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசினார்கள். குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார்கள். மனநலம் என்ற வார்த்தையைக் கேட்டு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சரி, பரவாயில்லை என்று கிளம்பினோம்.

அங்கே எடை பார்ப்பதற்கு முன்னால் அவனிடம் பேசினார்கள். கட்டுப்பாடு கைவிட்டுப்போய் ஒரேயடியாகச் சாப்பிடுவது, வெட்கத்தில் ஒளிந்து சாப்பிடுவது, பிறகு தன்மேலேயே அருவருப்பு. வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதமாவது இது இருந்தால் அதை ஒரு நோயாகவே கணக்கில் எடுக்கிறார்கள். பிஞ்ச் ஈட்டிங் என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2013-ல்தான் அதற்குத் தனி இடமே கிடைத்ததாம்.

கவுன்சலிங்கில் மூன்றாவது வாரம்தான் விஷயம் வெளியே வந்தது. வகுப்பில் டிபன் பாக்ஸைத் திறந்தாலே பையன்கள் கேலி செய்கிறார்கள். அதனால் மதியம் அவன் சாப்பிடுவதே இல்லை. பாக்ஸைக் குப்பையில் கொட்டிவிட்டு, காலை இட்லியோடு மாலை நாலரை வரை இருந்திருக்கிறான். அவ்வளவு நேரம் காய்ந்த வயிறு மாலையில் எப்படி அடங்கும்? நான் போட்ட பூட்டும் அந்த சார்ட்டும் அதே பட்டினியைத்தான் இன்னும் நீட்டியிருக்கின்றன.

பூட்டைக் கழற்றச் சொன்னார்கள். எனக்கு உள்ளூர பயம்தான். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு சிற்றுண்டி, நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. வீட்டில் எடை மெஷின் வேண்டாம். எடையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அவனே எழுத வேண்டும். கலோரிக் கணக்கு கிடையாது. நாலரை மணிக்கு அம்மா சுண்டலோ கொழுக்கட்டையோ தயாராக வைத்திருப்பார். அவரை வழிக்குக் கொண்டுவந்ததுதான் இதில் கஷ்டமான வேலை. 'போதும்டா' என்று அவன் தட்டைப் பார்த்துச் சொல்லாமலிருக்க அவருக்கு நாலு மாதம் பிடித்தது. எனக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பள்ளியில் போய்ப் பேசினேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவனே இரண்டு நண்பர்களோடு மைதானத்து மரத்தடியில் போய்ச் சாப்பிடப் பழகிக்கொண்டான்.

எடை இறங்கவில்லை, ஏறுவது நின்றிருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரை 5.6 சதவீதம். பரீட்சை வாரங்களில் இன்னும் இரவில் எழுகிறான்.

இந்தத் தீபாவளிக்கு அதிரச டப்பா மூடி இல்லாமல் மேஜைமேலேயே இருந்தது. இரவு பதினொன்றரை இருக்கும், என்னைத் தட்டி எழுப்பினான். "அப்பா, இன்னும் நாலு தின்னுட்டேன். பேனா எங்க இருக்கு?"