பாதியில் நுழைந்து பார்த்த வீடியோ

மார்கழியில் கல்யாண வீடியோக்காரனுக்கு வேலை கிடையாது. 2023 ஜனவரி முதல் வாரம், பாளையங்கோட்டைக் கடையைப் பூட்டிவிட்டு ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினேன். கூட்டிப்போனது விஸ்காம் படிக்கிற அக்கா மகன். "மாமா, கொச்சி பினாலேயப் பாக்காம நீங்க கேமரா பிடிச்சு என்னத்துக்கு?" என்று ஒரு மாசமாக நச்சரிப்பு. பினாலே என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற பெரிய கலைக் கண்காட்சி.

ஃபோர்ட் கொச்சியில் கடலை ஒட்டி ஆஸ்பின்வால் ஹவுஸ். 1867இல் தொடங்கிய வெள்ளைக்காரக் கம்பெனியின் வளாகம். 2012 டிசம்பர் 12இல் முதல் பினாலே ஆரம்பித்ததும் இங்கேதான். நாங்கள் போனது ஐந்தாவதுக்கு. கொரோனாவால் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. பெரிய பெயர்கள் எல்லாம் அங்கே. எனக்கு ஒட்டியதென்னவோ மாணவர் பினாலேதான்.

மட்டாஞ்சேரியில் பழைய குடோன். கலைக்கல்லூரிப் பிள்ளைகளின் போட்டோக்களைத் தாண்டிப் போனால் ஓர் இருட்டறை. சுவரில் ஓர் அம்மா மீன் கழுவுகிறார். செதில் தெறிக்கிறது, தண்ணீர் கலங்குகிறது, கேமரா அசையவே இல்லை. நான் ஒரு ஷாட்டை ஐந்து செகண்டுக்கு மேல் விட்டால் பெண் வீட்டார் "இழுக்குதே அண்ணாச்சி" என்பார்கள். எரிச்சலாகி, ஆரம்பம் எப்போது என்று வாசலில் நின்ற பையனிடம் கேட்டேன். "லூப்பாணு சேட்டா" என்றான். ஆரம்பமும் முடிவும் இல்லாமல் சுற்றிச் சுற்றி ஓடுமாம்.

சரி என்று தரையில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் பிடிபட்டது. ஊர்க் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டை யார் முதலிலிருந்து கேட்டிருக்கிறோம்? பாதியில் போய் உட்காருவோம், கண் அசரும், எழுந்து காப்பி குடித்துவிட்டு வந்தால் கதையில் சுடலைமாடன் சாமி இன்னும் மலையாள தேசத்தில்தான் இருப்பார். நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன்.

ரயிலில் திரும்பும்போது ஒரு கேசட் ஞாபகம் வந்தது. 1998, 180 நிமிட விஎச்எஸ். கேமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். முற்றத்தில் ஓர் ஆச்சி வாழையிலை துடைத்து அடுக்குவது மட்டும் பதினோரு நிமிஷம் பதிவாகியிருந்தது. மிக்ஸிங்கில் முழுசாக வெட்டிவிட்டுத்தான் பார்ட்டிக்குக் கொடுத்தேன்.

மாஸ்டர் கேசட் பரணில் இருந்தது, ஓரமெல்லாம் பூஞ்சை. மருமகன் பஞ்சை வைத்துத் துடைக்கிறான், நான் டெக்கைத் தேடுகிறேன். தை முகூர்த்தம் தொடங்குவதற்குள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.